இரும்பு பட்ட துணி

எங்கள் வீட்டில் இரும்புக்கு மரியாதை கிடையாது. துணி காயப்போடும் கொடி நைலான் கயிறு. வாளிகள் எல்லாம் பிளாஸ்டிக். அம்மா சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக்கூட, ஊறப்போடும் முன் எடுத்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் அப்பா நகர்வார். மாமா வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்குப் போன இடத்தில், மொட்டைமாடியில் இரும்புக் கம்பியில் கொடி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இலையில் உட்காரும் முன்பே அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அத்தை அன்றிலிருந்து எங்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறார்.

அப்பா சலவைப்பட்டறையில் மெஷின் ஓட்டுபவர். வெளியூர்க்காரர்கள் அழுக்குத்துணி துவைக்கிற இடம் என்று நினைத்துக்கொள்வார்கள். நிட்டிங் மெஷினிலிருந்து இறங்குகிற துணி பழுப்பாக, எண்ணெய்க் கறையோடு இருக்கும். அதைக் காஸ்டிக் சோடாவும் பெராக்சைடும் கலந்த தண்ணீரில் கொதிக்க வைத்து வெள்ளையாக்கித் தருவதுதான் சலவைப்பட்டறையின் வேலை. அதற்குப் பிறகுதான் சாயம், தையல், ஏற்றுமதி எல்லாம். அந்தக் கொதிநீரில் துளி துரு விழுந்தாலும் போயிற்று. துரு ஒட்டிய இடத்தில் பெராக்சைடுக்கு வெறி பிடித்துவிடும். துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பொடிப்பொடியாக ஓட்டை தெரியும். அப்படி ஒரு லாட், அதாவது ஒரு தடவைக்கு மெஷினில் போடும் துணி முழுவதும், கெட்டுப்போன நாளில் அப்பா சரியாகச் சாப்பிட மாட்டார். குண்டடம் பக்கம் கிணறு வற்றித் திருப்பூருக்கு வந்த மனிதர் இந்த ஊரில் கற்றுக்கொண்ட முதல் பாடமே, இரும்பை உள்ளே விடாதே என்பதுதான்.

அவர் பெற்ற பெண்தான் நான். இரும்பை வைத்துத் துணி செய்கிறேன் என்று கிளம்பினேன்.

கோயமுத்தூர் ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியில் வேதியியலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். சேவூரிலிருந்து வரும் பெரியம்மா ஒவ்வொரு தடவையும், "மாப்பள ஊட்ல கேட்டா புள்ள என்ன படிக்குதுன்னுதான் சொல்றது?" என்று கேட்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "துணி சம்பந்தமான படிப்புங்க" என்று முடித்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும். நான் செய்தது துணியே இல்லை. கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு சிட்டிகை பவுடர். அதைத் துணி என்று சொன்னால் ஒருநாள் யாராவது எடுத்துக் காட்டச் சொல்வார்களே என்று அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் என் குரல் பிரசித்தம். பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை என்னிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். மாவு புளிக்கும்போதும் பால் தயிராகும்போதும் உண்டாகும் அமிலம் ஒன்று உண்டு. அதிலிருந்து கல்கண்டுத் தூள் மாதிரி ஒரு வெள்ளைப் படிகம் எடுக்கலாம். அந்தப் படிகத்தின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கைகோக்க வைத்து நீளமான சங்கிலியாக்கினால் அதுதான் பாலிமர். உருக்கி இழுத்தால் நூலாகும். பிளாஸ்டிக் மாதிரி மண்ணில் கிடந்து நூறு தலைமுறைக்கு உபத்திரவம் கொடுக்காது, மெல்லப் பிரிந்து போய்விடும். இப்படிக் கோத்துவிடுவதற்கு ஓர் ஊக்கி வேண்டும். பெரும்பாலும் வெள்ளீயச் சேர்மத்தைப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் இரும்புச் சேர்மத்தை எடுத்துக்கொண்டோம். மலிவு, உடம்புக்கும் கெடுதல் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று இருந்தது. அந்த இரும்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானை மின்சாரத்தால் உருவி எடுத்துவிட்டால் அது கோப்பதை நிறுத்திக்கொள்ளும். திருப்பிக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கும். வேறு எந்த மருந்தும் சேர்க்க வேண்டாம். இரண்டு மின்முனைகளும் அளந்து கொடுக்கிற மின்னழுத்தமும் போதும். சங்கிலி எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை வெளியே உட்கார்ந்துகொண்டு நான் முடிவு செய்யலாம். என் வாழ்க்கையில் வேறு எதுவும் நான் சொன்ன இடத்தில் நின்றதில்லை, அதனால்கூடப் பிடித்திருக்கலாம்.

முதல்முறை இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்கண்ணு, இரும்ப வெச்சா பண்றீங்க?"

"ஆமாங்கப்பா."

"வேற ஒண்ணுங் கெடைக்கலியா உங்க காலேஜுக்கு?"

மின்சாரத்தைப் பற்றிச் சொன்னதும் கொஞ்சம் சமாதானம் ஆனார். "அப்பொ சுச்சப் போட்டா ஓடும், அமத்துனா நின்னுக்கும். அப்படித்தான?" அப்படித்தான் என்றேன். "அந்த வித்தைய எங்க பாய்லருக்கும் கொஞ்சஞ் சொல்லிக் குடு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஆனால் அந்த இரும்புச் சேர்மம் காற்றும் ஈரமும் பட்டால் செத்துவிடும், அதனால் காற்றுக்குப் பதிலாக உருளையிலிருந்து நைட்ரஜன் வாயு நிரப்பிய ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு ஒட்டிய ரப்பர் கையுறைக்குள் கை விட்டுத்தான் வேலை செய்கிறோம் என்று சொன்னது அவர் மனதில் ஏறவே இல்லை. நாள் முழுக்க நீராவியிலும் கணுக்கால் தண்ணீரிலும் நிற்கிறவருக்கு, ஈரம் படாமல் ஒரு வேலை நடக்கும் என்பதே நம்பும்படியாக இல்லை.

எங்கள் ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்த இடத்திலிருந்து ஒரு குழு வரப்போவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குத் திருப்தி என்றால் திட்டத்தை நீட்டிப்பார்கள். இல்லை என்றால் அதோடு சரி. வாயு உருளை வராது, மருந்து வராது, என் உதவித்தொகையும் நின்றுவிடும். ஆய்வேடு பாதியில் இருந்தது. திட்டம் நின்றால் என் படிப்பும் அந்தரத்தில் நிற்கும் என்பது எனக்கும், எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியருக்கும் நன்றாகத் தெரியும்.

"பவுடரையும் கிராஃபையும் எத்தன நாளைக்குங்க காட்டறது?" என்றார் அவர். "நாம திருப்பூர்ப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஒரு துண்டுத் துணி காட்டலீன்னா சிரிக்க மாட்டாங்களா? உள்ளங்கை அகலம் போதும். துணியாக் கொண்டாங்க."

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை காலமாக உறவுக்காரர்களிடம் அவர் சொல்லி வந்தது ஒருவழியாக உண்மையாகப் போகிறது.

அதற்குப் பிறகு நாங்கள் பட்டதைச் சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. ஒரு தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாலிமர் கிடைக்கும். சங்கிலி நீளமாக வந்தால்தான் நூல் இழுக்க முடியும், குட்டையாக நின்றுவிட்டால் நொறுங்கும். நாங்கள் நிறுத்தச் சொன்னபோது நின்றதைவிட, கரண்ட் ஏறி இறங்கியபோது தானாக நின்றதுதான் அதிகம். அருமையாகக் கட்டுப்படுத்துகிறோம் என்று கட்டுரையில் எழுதிவிட்டு, மேலே மின்விளக்கு மினுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு குப்பி கெட்டியாகிவிட்டது என்றால் ஆய்வகமே கைதட்டும். அடுத்த குப்பியில் எங்கிருந்தோ ஈரம் புகுந்து எல்லாம் கூழாகிக் கிடக்கும். அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கையிருப்பில் இருந்த இரும்புச் சேர்மம் ஏறக்குறையத் தீர்ந்த பிறகு, நூல் இழுக்கும் அளவுக்குச் சரக்கு சேர்ந்தது.

நூல் மஞ்சளாக வந்தது. கோத்துவிட்ட இரும்பில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுவதால் வருகிற நிறம் அது. நூல் சோதிப்பதற்கென்று கையால் சுற்றுகிற ஒரு குட்டி நிட்டிங் மெஷின் இருக்கும், அதில் மாட்டினோம். அறுந்தது. முடிச்சுப் போட்டோம். மறுபடி அறுந்தது. கடைசியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வந்து விழுந்தபோது பேராசிரியர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். நான் அழுதுவிட்டேன். எங்களிடம் இருந்த நூல் முழுவதும் அந்தத் துண்டில் இருந்தது.

இந்த மாதிரிப் பின்னிய துணிக்கு ஒரு குணம், வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். மேஜையில் வைத்தால் சுருட்டிய வெற்றிலையாகக் கிடந்தது. வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஓரத்தைச் சுற்றிச் சங்கிலி மாதிரித் தைப்பதுதான் ஓவர்லாக். வீட்டிலும் ஒரு பழைய மெஷின் உண்டு. அதில் சிவப்பு நூல் மாட்டியிருந்தது. மாற்றட்டுமா என்று அம்மா கேட்டார். சிவப்பே நன்றாக இருக்கும் என்றேன். நாலு பக்கமும் சிவப்பு ஓரம் வந்ததும் துண்டு தட்டையாகப் படுத்தது.

அப்பா வேலை முடிந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு துண்டை வாங்கினார். அவர் எந்தத் துணியை வாங்கினாலும் செய்வதையே செய்தார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.

"நல்லா வந்துருக்குது கண்ணு. ஓட்டை ஒண்ணும் இல்ல." மறுபடியும் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார். "மஞ்சக் கட்டுது."

"இரும்புங்கப்பா. அது அப்படித்தான் இருக்கும்."

"இதையா பெரிய மனுசங்களுக்குக் காட்டப் போற?"

"ஆமாங்கப்பா. தண்ணி மட்டும் படாமப் பாத்துக்கோணும். இதுக்குத் தண்ணி ஆகாது."

அவர் தலையாட்டினார். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் அந்தத் தலையாட்டல் எனக்குப் புரிந்தது. எங்கள் துணிக்குத் தண்ணீர் ஆகாது, பார்த்துப் போடுங்கள் என்று அவரிடம் சொல்லாத, துணி கொடுக்கிற பார்ட்டியே திருப்பூரில் கிடையாது. ஒருவர் சுருங்கிவிடும் என்பார், ஒருவர் பிசிர் எழும்பிவிடும் என்பார். சரிங்க சரிங்க என்று தலையாட்டி வாங்கிக்கொண்டு, பதமாக வெளுத்து, அவர்களே வாயடைத்துப் போகும்படி கையில் கொடுப்பதுதான் அப்பாவின் கெட்டிக்காரத்தனம். வெளுக்காத துணியை யாரும் பார்ட்டி கண்ணில் காட்ட மாட்டார்கள். அதிலும் துரு மஞ்சளோடு. அவர் பெண் அப்படி ஒரு துணியை எடுத்துக்கொண்டு சபையில் போய் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் குழுவுக்குக் காட்ட வேண்டிய படங்களைச் சரிசெய்யக் கல்லூரிக்குப் போய்விட்டேன். துண்டு பீரோவுக்குள் காகிதத்தில் மடித்து இருந்தது. அப்பா அதை எடுத்து, காலர்த் துணிகளைப் போட்டு வெளுக்கிற வலைப்பை ஒன்றில் போட்டுக் கட்டி, தன் மெஷினில் அன்று ஓடிய லாட்டோடு சேர்த்து விட்டுவிட்டார். இரும்பை இழுத்துக்கொள்ளும் மருந்தைக் கூடுதலாக ஒரு கை போட்டதாகப் பின்னால் சொன்னார். எனக்காகப் போட்டது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கமாக அந்த நேரத்துக்கு வர மாட்டார். மடியில் ஈர வலைப்பை.

"அம்மிணி, கோவிச்சுக்காத. இந்தப் பைல எங்கியோ ஓட்டை இருந்துருக்குது."

பைக்குள் கை விட்டு எடுத்துக் கொடுத்தார். சிவப்பு நூல். அம்மா தைத்த ஓவர்லாக் சங்கிலி, நாலு மூலையிலும் திரும்பின திருப்பம்கூட மாறாமல், அப்படியே இருந்தது. நடுவில் துணி இல்லை.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. கொதிக்கிற காஸ்டிக்கில் அந்தச் சங்கிலி என்ன ஆகும் என்பது நான் படித்த முதல் பாடம். கோத்த கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவிடும். நாங்கள் மாதக்கணக்கில் கோத்ததை அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பிரித்துப்போட்டிருக்கும். பிரிந்தது தண்ணீரோடு தண்ணீராகப் போயிருக்கும், யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லாமல். எங்கே பேசினாலும் இதைத்தான் நான் பெருமையாகச் சொல்லிவந்தேன்.

"ஓட்டையெல்லாம் இல்லீங்கப்பா. கரைஞ்சிருச்சு."

"என்ன கரைஞ்சிருச்சு?"

"துணி."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று நினைத்துவிட்டார். "துணி எப்படிக் கண்ணு கரையும்? அதென்ன சக்கரையா? எத்தன வருசமா வெளுக்கறேன், கிழிஞ்சு பாத்துருக்கறேன், ஓட்டை விழுந்து பாத்துருக்கறேன். இல்லாமப் போயி நான் பாத்ததில்ல."

பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். இது பருத்தி இல்லை, காஸ்டிக் பட்டால் பிரிந்துவிடும் என்று சொன்னேன். வகுப்பெடுக்கிற மாதிரி ஒரு காகிதத்தில் படம்கூடப் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாஞ் செரி. ஓரம் பிரிஞ்சு நழுவிருக்கும். வடிகட்டில பாத்தாத் தெரிஞ்சுரும்" என்று எழுந்து, போட்டிருந்த செருப்போடு பட்டறைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டால், வந்தது. யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை. அவர் செய்தது தப்பு என்று வாய் திறந்தால், அவர் எதற்காகச் செய்தார் என்பது குறுக்கே வந்து நின்றது. சமையல் கட்டில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரண்டு வார்த்தை வைஞ்சுரு கண்ணு. நீ வைவீன்னு பாத்துக்கிட்டே உக்காந்துருந்தாரு. நீ சத்தம் போட்டீன்னா அவருக்கு ஆறிரும்."

ஊரையே வைகிற எனக்கு அந்த இரண்டு வார்த்தை வரவில்லை.

மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரில் பஞ்சும் பிசிரும் நிறைய வரும். அது குழாயை அடைக்காமலிருக்க ஒரு வடிகட்டி வைத்திருப்பார்கள். அப்பா அதைத் திறந்து கையை விட்டுத் துழாவியிருக்கிறார். திரும்பி வந்தபோது முழங்கை வரை சிவந்திருந்தது. பாலிதீன் கவரில் ஒரு பிடி வெள்ளைப் பஞ்சு இருந்தது. அதைத் தன் தோள்துண்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் காயவைத்தார். மறுநாளும் ஒரு பிடி கொண்டுவந்தார். அதற்கு அடுத்த நாளும். அவர் கூட வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள் என்று அம்மா மூலமாகத் தெரிந்தது. என்னிடம் நேராக எதையும் கேட்க மாட்டார். நான் அந்தப் பக்கம் போகும்போது ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைப்பார், பஞ்சு பறந்துவிடக் கூடாது என்று.

குழு வந்தது. பேராசிரியரிடம் நடந்ததை முன்பே சொல்லியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். இன்னொரு துண்டு செய்ய நாளும் இல்லை, இரும்பும் இல்லை. படங்களைக் காட்டினேன். மின்சாரத்தை மாற்றினால் சங்கிலி நிற்பதையும் வளர்வதையும் வரைபடத்தில் காட்டினேன். துணி செய்தீர்களாமே என்று கேட்டார்கள். சிவப்பு நூலை எடுத்து மேஜைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். இருவர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. தலைவராக வந்தவர் நூலை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"வெளுக்க முடியாத துணிய வெச்சுக்கிட்டு திருப்பூர்ல என்னம்மா செய்வீங்க?"

பதில் இருந்தது. காஸ்டிக் இல்லாமல், கொதிக்க வைக்காமல், மிதமான சூட்டில் இதைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறது. மஞ்சளைக் குறைக்கவும் வழி இருக்கிறது. எல்லாம் சொன்னேன். அவர் அன்பாகவே கேட்டுக்கொண்டார். "செஞ்சு காட்டியிருக்கலாமே" என்றார். பக்கத்தில் இருந்தவர் அடுத்த ஆய்வுக் கோப்பை எடுத்துவிட்டார்.

நீட்டிக்கவில்லை. பேராசிரியர், "வேற எங்கியாவது எழுதிப் பாப்போம்" என்றார். எழுதினோம். வாயு உருளை தீரும் வரை ஓட்டலாம், பிறகு கண்ணாடிப் பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்று முடிவானது.

அணைக்கிற அன்று என் புத்தகங்களையும் சாமான்களையும் எடுத்து வருவதற்காக, இரண்டு கட்டைப்பைகளோடு அப்பா கல்லூரிக்கு வந்தார். அவர் ஆய்வகத்துக்குள் வந்தது அதுதான் முதல்முறை. வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் கையுறைகளைப் பார்த்து, "இதுக்குள்ளதான் கைய விட்டுக்கிட்டிருந்தியா?" என்று கேட்டார். விட்டுப் பாருங்க என்றேன். காஸ்டிக்கில் காய்த்துப்போன கையைக் கூச்சத்தோடு உள்ளே விட்டு, விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு குப்பியின் அடியில் கொஞ்சம் இரும்புச் சேர்மம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆழ்ந்த நீலம். இனி எதற்கும் ஆகாது என்று வெளியே எடுத்துத் திறந்தேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து பழுப்பேறியது.

"துரு" என்றார் அப்பா. அவருக்குத் தெரிந்த ஒன்றை அந்த அறையில் பார்த்துவிட்ட நிம்மதி குரலில் இருந்தது. உடனே அதற்காக வருத்தப்பட்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பைகளில் புத்தகங்களை அடுக்கினோம். எல்லாம் முடிந்து கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்தார். காய்ந்த பஞ்சு. இத்தனை நாள் வடிகட்டியிலிருந்து சேர்த்தது எல்லாம், சீராகப் பிரித்துத் தூசி தட்டி வைத்திருந்தார்.

"துணி என்ன சாதின்னு சொல்ற மெஷின் இங்க இருக்குதுன்னு சொன்னீல்ல கண்ணு? அமத்தறதுக்கு முன்னால இதை ஒருக்காப் போட்டுப் பாத்துரு. இதுல உன்றது கொஞ்சமாச்சும் இருக்கும். இருந்தா அவிங்களுக்குக் கொண்டுபோயிக் காட்டலாம்."

இருக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவும் சொல்லியிருக்கிறேன், படம் போட்டும் காட்டியிருக்கிறேன். மறுபடியும் சொல்ல வாயெடுத்தேன். அவர் கவரை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். வாங்கிக்கொண்டேன்.

அது அகச்சிவப்புக் கதிரை விட்டுப் பொருள் இன்னதென்று சொல்லும் மெஷின். முதலில், பழைய குப்பி ஒன்றில் ஒட்டியிருந்த எங்கள் பாலிமர்த் தூளை வைத்துக் காட்டினேன். திரையில் கோடு ஓடிவந்து ஓரிடத்தில் கூராகப் பள்ளம் விழுந்தது. "இந்தப் பள்ளம் இருந்தா நம்முளதுங்கப்பா" என்றேன். அந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்பவர் மாதிரி திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

பிறகு அவர் பஞ்சிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வைத்தேன். கோடு அந்த இடத்தைத் தட்டையாகக் கடந்து போனது. பருத்தி. அடியிலிருந்து எடு கண்ணு என்றார். எடுத்தேன். பருத்தி. அது வேறு நாள் எடுத்தது, இதைப் போடு என்று அவரே ஒரு சிட்டிகை பிய்த்துக் கொடுத்தார். அதுவும் பருத்தி. கவர் காலியாகும் வரை போட்டோம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே பருத்திதானுங்கப்பா."

"ஒண்ணுகூட உன்றது இல்ல?"

"இல்லீங்கப்பா."

சரி, இப்போதாவது விட்டுவிடுவார் என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதால் நானும் அழுதுகொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவர் சிந்திக் கிடந்த பஞ்சைப் பொறுக்கிக் கவருக்குள் போட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். முகத்தில் ஏதோ தெளிந்த மாதிரி இருந்தது.

"அப்பொ இன்னும் எங்கைக்குச் சிக்கல. உள்ளதான் கெடக்குது" என்றார். "நாளைக்குப் பட்டறைல கழிவுத்தண்ணி தேங்கற பெரிய தொட்டியத் தொறக்கறாங்களாமா. எறங்கிப் பாத்தர்றேன்."

பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார். நான் மெஷினை அணைத்தேன்.